பூச்சு இல்லாத வீடு: அழகா, அரைகுறையா?

மனை வாங்கி, பொறியாளரையும் மேஸ்திரியையும் அமர்த்தி, தம் மேற்பார்வையிலேயே வீடு கட்டுகிற குடும்பங்களில் இப்போது ஒரு புதிய வாக்குவாதம் நுழைந்திருக்கிறது. சுவரையும் கூரையையும் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பதா? அல்லது சென்ட்ரிங் பிரித்த நிலையிலேயே சாம்பல் நிறக் கான்கிரீட்டை அப்படியே விட்டுவிடுவதா? இளையவர்கள் பலருக்குப் பூசாத கான்கிரீட் பிடித்திருக்கிறது. அதில் பகட்டு இல்லை, பொருள் தன் இயல்பில் நிற்கிறது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கும் செலவும் மிச்சம் என்கிறார்கள். பெரியவர்களுக்கோ அது முடிக்காத வீடு. பால் காய்ச்சும் நாளில் வருகிற உறவினர்கள் "எப்போ பூசப்போறீங்க?" என்று கேட்பார்களே என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பூசாத சுவரைப் பார்த்தால், கையிருப்பும் கடனும் தீர்ந்து வேலை பாதியில் நின்றுவிட்டது என்றுதான் நம் ஊர்களில் எண்ணுவார்கள். தளம் போட்டுக் குடியேறிவிட்டுப் பூச்சு வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவர்களுக்குப் பூச்சு என்பது கரையேறிவிட்டோம் என்பதன் அடையாளம். அதை வேண்டாம் என்று சொல்வது வசதி உள்ளவர்களுக்கே எளிது.

இந்த வாக்குவாதத்தில் இரு தரப்பும் பேசுவது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைப் பற்றியே. அதற்கு முன்னால் பேச வேண்டியது வேலையின் தரத்தைப் பற்றி. கான்கிரீட்டைப் பூசாமல் விடுவது என்றால், கம்பி கட்டியவர், பலகை அடித்தவர், கலவை போட்டவர், தண்ணீர் ஊற்றியவர் ஆகிய எல்லோருடைய வேலையும் வீடு இருக்கும் காலம் வரை கண்ணெதிரே இருக்கும் என்று பொருள். அந்த வேலைக்கு ஆயத்தமாகாமல் தோற்றத்தை மட்டும் விரும்புகிறவர் ஏமாந்துபோவார். தோற்றம் பிடிக்கவில்லை என்பதற்காக அந்த வேலை ஒழுங்கையே புறக்கணிப்பவருக்கும் இழப்பு உண்டு. பூசாத கான்கிரீட் எல்லா வீட்டுக்கும், வீட்டின் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. ஆனால் அது கேட்கிற கண்டிப்பு, பூசப்போகிற வீட்டுக்கும் தேவை.

இந்தப் பாணி பரவிய கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் வீடுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. எஃகும் எளிதில் கிடைக்கவில்லை. மார்சேய் நகரில் 337 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1947-ல் தொடங்கி 1952-ல் முடித்தார். பல ஒப்பந்தக்காரர்கள் கைவைத்த அந்தக் கட்டடத்தில் வேலை சீராக அமையவில்லை. பலகையின் தடங்களும் ஒட்டுகளின் பிசிறும் எங்கும் தெரிந்தன. அவற்றைப் பூசி மறைப்பதைவிட, அப்படியே காட்டுவது என்று அவர் முடிவெடுத்தார். 1950-களில் இங்கிலாந்தின் இளம் கட்டடக் கலைஞர்கள் இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார்கள். விமர்சகர் ரெய்னர் பான்ஹம் 1955-ல் எழுதிய கட்டுரை, இந்தப் பாணிக்கான புரூட்டலிசம் என்ற பெயரை உலகறியச் செய்தது. இந்தியாவுக்கு அது லெ கொர்பூசியே கட்டடங்கள் வடிவமைத்த சண்டிகர் வழியாகவும் அகமதாபாத் வழியாகவும் வந்தது. லெ கொர்பூசியேயிடம் பணிபுரிந்த பாலகிருஷ்ண தோஷி, கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கரை 2018-ல் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். குறையுள்ள வேலையை ஒரு மேதை அழகாக்கிக் காட்டியதிலிருந்துதான் இந்தப் பாணி பரவியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். குறையே அழகு என்று அதை எடுத்துக்கொண்டால், விலை கொடுப்பது வீட்டுக்காரர்.

இந்தப் பாணி மீது மக்களுக்கு இருக்கும் வெறுப்பும் சிறியதல்ல. லண்டனில் 1972-ல் முடிந்த ராபின் ஹூட் கார்டன்ஸ் குடியிருப்பு, காப்பாற்றச் சொல்லிப் பலர் குரல் கொடுத்தும், 2017-ல் இடிபடத் தொடங்கியது. அதே 2017-ல் டெல்லி பிரகதி மைதானத்தில், ராஜ் ரேவல் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்கிட்டுக் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி மண்டபம் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. பொதுக்கட்டடம் என்றால் அதைக் காப்பதா இடிப்பதா என்று ஊர் கூடிப் பேசும். செலவும் அரசின் தலையில். சொந்த வீட்டில் அப்படி இல்லை. வெப்பம், கசிவு, கறை, பழுது எல்லாம் அந்தக் குடும்பத்தின் பாடு. கண்காட்சி மண்டபத்துக்குப் பொருந்திய துணிச்சல் மூன்று அறை வீட்டுக்கும் பொருந்துமா என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.

முதலில், கான்கிரீட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிமென்ட் கடும் காரத்தன்மை உடையது. நல்ல கான்கிரீட்டின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவிலிருந்து அதைக் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கம்பி இருக்கும் ஆழத்தில் பி.எச். 9-க்கும் கீழே போய்விட்டால் படலம் அழியும். ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கடியில் கான்கிரீட் விரிசல் விட்டு, சில்லு சில்லாகப் பெயர்ந்து விழுகிறது. ஆகவே கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே எவ்வளவு கனத்தில், எவ்வளவு நெருக்கமான கான்கிரீட் இருக்கிறது என்பதே வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, கவர் எனப்படும் இந்தக் கனத்தை மிதமான சூழலில் 20 மில்லிமீட்டர், சற்றுக் கடுமையான சூழலில் 30, கடற்கரைக் காற்று படும் கடுமையான சூழலில் 45 என்று வகுத்திருக்கிறது. கடற்கரைச் சூழலுக்குக் குறைந்தது எம்-30 தரக் கான்கிரீட் வேண்டும், தண்ணீரின் எடை சிமென்ட் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது என்றும் அது சொல்கிறது.

நம் சிறு கட்டட வேலைகளில் இந்த விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது? கம்பியின் அடியில் கவர் பிளாக் வைக்க வேண்டிய இடத்தில் ஜல்லித் துண்டைச் செருகுவது, கலவை எளிதாக ஓட வேண்டும் என்று கூடுதல் தண்ணீர் ஊற்றுவது, வைப்ரேட்டருக்குப் பதில் கம்பியால் குத்திவிடுவது எல்லாம் பரவலான வழக்கங்கள். விளைவு, சென்ட்ரிங் பிரித்ததும் தெரியும். பில்லரின் அடியில் ஜல்லி தெரியும் பொத்தல்கள், பீமின் அடியில் எட்டிப்பார்க்கும் கம்பி, இரண்டு நாள் இடைவெளியில் போட்ட கலவைகளுக்கு இடையே கோடாக நிற்கும் ஒட்டு. மறுநாளே ஒருவர் சிமென்ட் கலவையை அப்பி அதை அடைத்துவிடுவார்; பிறகு பூச்சு வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். வீட்டுக்காரர் பார்ப்பது பளிங்குபோல் வழவழப்பான சுவரை மட்டுமே. பூச்சு நல்லதுதான் என்றாலும், அது ஒருவகையில் திரையாகவும் ஆகிவிட்டது. அந்தத் திரையைக்கூட நம்ப முடியாத நிலை உண்டு என்பதை 2021-ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பு காட்டியது. ஏழைக் குடும்பங்களுக்காகப் புதிதாகக் கட்டிய அந்த வீடுகளில் கையால் தொட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. பூசாத கான்கிரீட்டில் இப்படி மறைக்க இடமில்லை. அதன் முதல் பெருமை அதுவே.

அதனால்தான் அது மலிவான வழியும் ஆகாது. பூச்சுக் கூலியும் பெயிண்ட் செலவும் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் வேறு வழியில் போய்விடும். பல வீடுகளுக்குப் போய் நசுங்கி வந்த வாடகைச் சென்ட்ரிங் தகடுகள் இங்கே உதவா. புதுப் பிளைவுட் வேண்டும். பலகையில் பழைய எஞ்சின் ஆயில் தடவினால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். சிமென்ட்டும் எம்-சாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். மாறினால் நிறம் மாறும். மின் குழாய், சுவிட்சு பெட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றின் இடமும் கலவை போடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும், ஏனெனில் செங்கல் சுவரைப் பிறகு வெட்டுவதுபோல் இதை வெட்ட முடியாது. கலப்புச் சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். குடியேறிய பின் சாமி படம் மாட்ட ஓர் ஆணிகூடச் சுத்தியலால் அடிக்க முடியாது. துளையிடும் கருவி வேண்டும், கம்பி இருக்கும் இடமும் தெரிய வேண்டும். வெளிச் சுவருக்கு நீர் விலக்கும் திரவத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச வேண்டும். பராமரிப்பே வேண்டாத சுவர் என்பது விளம்பரப் பேச்சு.

இணையத்தில் பலர் சேமித்து வைத்துக் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஜப்பானிய வழியில் வந்தவை. கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-ல் ஒசாக்காவின் சுமியோஷியில் கட்டிய சிறிய வீடு இந்தத் துறையின் பாடநூல் போன்றது. ஆண்டோவின் சுவர்களில் பலகைகள் தத்தாமி என்னும் தரைப் பாயின் அளவை ஒட்டி 90-க்கு 180 சென்டிமீட்டராக அமைந்தவை. பலகைகளை இறுக்கிய போல்ட் குழிகள்கூட வரிசை தவறாமல் நிற்கும். அந்த நேர்த்தி தலைமுறைகளாகப் பழகிய ஜப்பானியத் தச்சர்களின் கைத்திறனிலிருந்து வந்தது. அதே வீட்டில் ஓர் அறையிலிருந்து எதிர் அறைக்குப் போகத் திறந்த முற்றத்தைக் கடக்க வேண்டும். மழை நாளில் குடையோடுதான். அந்த வாழ்க்கையை ஏற்றுக்கொண்டவர்களுக்காகக் கட்டிய வீடு அது. படத்தைக் காட்டி 'இப்படியே வேண்டும்' என்று நம் மேஸ்திரியிடம் கேட்பது அவருக்கும் நியாயமில்லை. இதனால் இன்னொரு வழக்கமும் தலைதூக்கியிருக்கிறது. செங்கல் சுவரைப் பூசி, அதன்மேல் கான்கிரீட் நிறத்தில் பெயிண்ட் அடித்து, பொய்யான போல்ட் குழிகளையும் வரைந்துவிடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி காட்டுவதற்காகத் தோன்றிய பாணி இங்கே இன்னொரு பூச்சாக முடிகிறது.

அடுத்தது வெயில். கான்கிரீட் வீடு குளுமையாக இருக்கும் என்று ஒரு தரப்பும், அடுப்பாகக் கொதிக்கும் என்று மறுதரப்பும் சொல்கின்றன. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. கனமான கான்கிரீட் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாகத் தரும். பகலில் கடும் வெயிலும் இரவில் நல்ல குளிரும் உள்ள ஊரில் இது உதவும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மே மாத இரவும் புழுக்கமாகவே இருக்கும். பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் தூங்கும் நேரத்தில் அறைக்குள் விடும். 6 அங்குலக் கான்கிரீட் சுவர், 9 அங்குலச் செங்கல் சுவரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். வெள்ளைச் சுண்ணாம்பு திருப்பி அனுப்பும் வெயிலைச் சாம்பல் நிறம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மேற்கு வெயில் நேராக அடிக்கும் வெளிச் சுவரைப் பூசாத கான்கிரீட்டில் கட்டுவது நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத செயல். மொட்டை மாடிக்கும் இதே நியாயம்தான். நம் முன்னோர் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டோடு பதித்தது காரணத்தோடுதான்.

அப்படியானால் வெப்ப நாட்டில் இந்தப் பாணிக்கு இடமே இல்லையா? புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இதற்கு விடை சொல்கிறது. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகஷிமா களத்தில் இருந்து நடத்திய அந்த வேலை 1930-களின் இறுதியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. இந்தியாவில் கான்கிரீட்டைப் பூசாமல் காட்டிய முன்னோடிக் கட்டடங்களில் ஒன்று அது. நீளவாக்கில் அதன் இரு பக்கங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அந்தப் பக்கங்களில் கனத்த சுவருக்குப் பதில், வேண்டியபோது திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள். கூரைக்கு மேல் வளைந்த வார்ப்புத் துண்டுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். அகமதாபாத்தில் லெ கொர்பூசியே கட்டி 1956-ல் முடிந்த ஷோதன் இல்லத்திலும் வீட்டுக்கு மேலே உயரமாக ஒரு நிழல் கூரை உண்டு. இரண்டிலும் கான்கிரீட் நிழலுக்குள் நிற்கிறது, காற்றுக்கு வழிவிடுகிறது. இவற்றின் சாம்பல் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிழலையும் காற்றையும் விட்டுவிட்டால், கிடைப்பது சூளைதான்.

மழையும் உப்பும் இன்னும் கண்டிப்பானவை. வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து நனையும் பூசாத சுவரில் பாசி படர்ந்து கருங்கோடுகள் இறங்கும். சன்ஷேடின் விளிம்பில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு விடாவிட்டால், ஒரு மழைக்காலத்திலேயே சுவர் அழுதுவிடும். கடலோரத்தில் உப்புக்காற்று நுண்துளை வழியே கம்பிவரை போய், காரம் குறையாத நிலையிலேயே துருவைத் தொடங்கிவைக்கும். பூச்சும் பெயிண்டும் கான்கிரீட்டைக் காக்கின்றன என்று எதிர்ப்பாளர்கள் சொல்வது இந்த இடத்தில் சரியான வாதம். நல்ல சிமென்ட் பூச்சு காற்றும் ஈரமும் கம்பியை எட்டுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் அது தாமதம் மட்டுமே. உள்ளே கவர் இல்லாமல், பொத்தலாக இருக்கும் கான்கிரீட்டை வெளிப்பூச்சு நெடுநாள் காப்பாற்றாது.

வீட்டுக்குள்ளே கதை வேறு. இங்கே நான் பூசாத கான்கிரீட்டின் பக்கம் நிற்கிறேன், குறிப்பாகக் கூரையின் அடிப்பரப்பில். வழவழப்பான தளத்தின் அடியில் பூச்சு நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் கொத்திவிட வேண்டும். பல இடங்களில் அதைச் சரியாகச் செய்வதில்லை. ஆண்டுகள் போனபின் பூச்சு பெயர்ந்து கட்டில்மேலும் பள்ளிக்கூட மேசைமேலும் விழுவது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. நல்ல பலகை போட்டு, தளத்தின் அடியைப் பூசாமல் விட்டால் அந்த ஆபத்து நீங்கும், செலவும் குறையும். கசிவோ துருக் கறையோ விரிசலோ தோன்றினால் உடனே கண்ணில் படும், காலத்தில் சரிசெய்யலாம். பொய்க்கூரைக்கு மேல் ஒளிந்து வளரும் பழுதைவிட இது எவ்வளவோ மேல். படிக்கட்டு, உள் பில்லர், நிழலில் இருக்கும் திண்ணைத் தூண் ஆகியவையும் இப்படித்தான். அங்கே வெயிலும் மழையும் தொடுவதில்லை. கை படுகிற அந்த இடங்களில் கான்கிரீட்டின் உறுதி அழகாகவே இருக்கும்.

வேறு இரண்டு மறுப்புகளுக்கும் விடை சொல்ல வேண்டும். உலகில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அப்படியிருக்கக் கான்கிரீட்டைக் கொண்டாடலாமா என்பது முதலாவது. சட்டகத்துக்கும் தளத்துக்கும் நாம் எப்படியும் கான்கிரீட் போடுகிறோம். அதைப் பூசாமல் விட்டால் பூச்சுக்கான சிமென்ட் மிச்சம். ஆனால் செங்கல்லோ மண் கட்டியோ போதுமான சுவரைத் தோற்றத்துக்காகக் கான்கிரீட்டில் எழுப்பினால் அது வீண். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பூசாத செங்கல்லையும், கான்கிரீட் குறைவாகத் தேவைப்படும் ஓடு பதித்த தளத்தையும் கொண்டு இதே நேர்மையை வேறு வழியில் சாதித்துக் காட்டினார். இரண்டாவது மறுப்பு பெரியவர்களுடையது: வீடு என்றால் மங்கலமாக இருக்க வேண்டாமா? இது நியாயமான கேள்வி. சாம்பல் நிறம் மட்டும் சூழ்ந்த அறை பலருக்கு மனத்தை அழுத்தும். வெள்ளைச் சுவர், ஆத்தங்குடி ஓட்டுத் தரை, மர நிலை ஆகியவற்றோடு மேலே ஒரு சாம்பல் தளம் இருந்தால் எவருக்கும் அது முடிக்காத வீடாகத் தோன்றாது. ஒரே கூரையின் கீழ் வாழப்போகும் இரு தலைமுறையும் ஒத்துக்கொள்ளாத பாணி, எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்த வீட்டுக்கு உரியதல்ல.

வெளிச் சுவரைப் பூசுங்கள், வெள்ளையடியுங்கள். உள்ளே தளத்தையும் படியையும் தூணையும், வேலை நன்றாக அமைந்தால், பூசாமல் விடுங்கள். எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கலவை போடும் முன் ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கலவையில் தண்ணீரைக் கூட்டவிடாதீர்கள். சென்ட்ரிங் பிரிக்கும் நாளில் நீங்களே நேரில் நில்லுங்கள். பொத்தல் தெரிந்தால் உங்கள் பொறியாளர் வந்து பார்க்கும்வரை அதை மூட அனுமதிக்காதீர்கள். பூசப்போகிற வீட்டுக்கும், பூசாமல் காட்டத்தக்க கான்கிரீட்டையே கேட்டு வாங்குங்கள்.